சைலன்சர் போட்டால் துப்பாக்கியின் உதை குறையுமா?

கேள்வி: டெக்சாஸில் மான் வேட்டைக்குப் போகிறேன். என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் ரைஃபிள். ஸ்கோப்போடு 8 பவுண்டு. டிரிகரை அழுத்தும்போதே கண் மூடிக்கொள்கிறது, தோள் முன்னே தள்ளுகிறது, குண்டு கீழே போகிறது. சைலன்சர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: உதை குறையும், சத்தமும் குறையும். பழகிப்போன மிரட்சி மட்டும் தானாகப் போகாது.

உதைப்பது குண்டு மட்டுமல்ல. 165 கிரெய்ன் (தோட்டா எடை அளவு; 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு) குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் போகிறது என்றால், 45 கிரெய்ன் வெடிமருந்து வாயுவாகி சுமார் 4,700 அடி வேகத்தில் அதன் பின்னால் பீறிடும். துப்பாக்கியைப் பின்னே தள்ளும் உந்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவுடையது. சைலன்சரின் உள்தடுப்புகள் அதை மறித்து வேகத்தைத் தணிக்கின்றன. உங்கள் துப்பாக்கியின் உதை சுமார் 17 அடி-பவுண்டு. 14 அவுன்ஸ் சைலன்சரின் எடையாலேயே அதில் 10 சதவீதம் போய்விடும். வாயுவின் உந்தமும் பாதியானால் 11 அடி-பவுண்டுக்கு இறங்கும். உதையைக் குறைக்க வாங்குபவர் மிக லேசான டைட்டானிய மாடலைத் தேடி ஓடுவதில் அர்த்தமில்லை.

குழல் முனையில் மாட்டும் துளையிட்ட மஸில் பிரேக் இதைவிட அதிகமாகவே உதையைக் குறைக்கலாம். ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால் சுடுபவரின் காதில் அறையும். மிரளுகிறவருக்கு அது நேர் எதிர் மருந்து. பலரை மிரட்டுவது தோளில் படும் இடியைவிட முகத்தில் அடிக்கும் சத்தமும் காற்றும்தான். .308-இன் 165 டெசிபல் ஓசை சைலன்சரோடு 135 பக்கம் வரும். அப்போதும் காதடைப்பான் வேண்டும். ஒலியை மிஞ்சிப் பறக்கும் குண்டின் வெடிப்பொலியை எந்தச் சைலன்சரும் தடுக்காது.

மிரட்சியைப் போக்க, பாதுகாப்பான சுடுதளத்தில் நண்பர் ஒருவரைத் துணைக்கு வையுங்கள். அவர் உங்கள் கண்ணில் படாமல் சில முறை நிஜத் தோட்டாவையும் சில முறை வெடிக்காத டம்மித் தோட்டாவையும் போடட்டும். டம்மி விழுந்த முறை ஸ்கோப்பின் குறுக்குக்கோடு சட்டென்று கீழே குத்தினால், அதுதான் உங்கள் நோய். கோடு அசையாமல் நிற்கும்வரை டம்மியைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரே அமர்வில் 20 தோட்டாவைத் தாண்டாதீர்கள். களைத்த தோள் பழைய பழக்கத்துக்கே திரும்பும். இடையிடையே உதை மிகக் குறைந்த .22 துப்பாக்கியில் சுடுவதும் நல்லது.

பொருத்துவதில்தான் காசு வீணாகும். .308 குழல்களில் பெரும்பாலும் 5/8x24 மரை இருக்கும், வாங்குமுன் சரிபாருங்கள். மரையின் தோள்பட்டை (மரை முடியும் இடத்திலுள்ள விளிம்பு) குழல் துளைக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் சைலன்சர் சாயும், குண்டு உள்தடுப்பில் உரசும். நசுங்கும் வாஷரைப் போட்டாலும் இதே கதிதான். முதல் தோட்டாவுக்கு முன், துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துவிட்டு, துளையளவுக்கேற்ற நேர்க்கம்பியைக் குழலுக்குள் விட்டு, அது சைலன்சரின் வாயில் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். .30 (7.62 மி.மீ.) அளவுச் சைலன்சரில் 6.5 மி.மீ. குண்டு சுடலாம்; சிறிய துளைச் சைலன்சரில் பெரிய குண்டு சுடவே கூடாது.

குழல் மரையிலேயே நேராகத் திருகி மாட்டும் வகை சூட்டில் தளரும். சில தோட்டாக்களுக்கு ஒருமுறை கனத்த கையுறையோடு இறுக்குங்கள். சைலன்சரோடு குண்டு விழும் இடமும் மாறும், 100 கெஜத்தில் ஓரிரண்டு அங்குலம் சாதாரணம். எனவே அதை மாட்டியே ஸ்கோப்பின் குறியைச் சரிசெய்யுங்கள் (ஜீரோ). நீளம் 7 அங்குலம் கூடுவதால் 24 அங்குலக் குழல் புதருக்குள் தொல்லை தரும். 20 அங்குலம் போதும், இழப்பது நொடிக்கு 100 அடி வேகம் அளவுக்குத்தான்.

அமெரிக்காவில் சைலன்சருக்கான 200 டாலர் கூட்டாட்சி வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். ஆனால் படிவம் 4 (உரிமை மாற்ற விண்ணப்பம்), கைரேகை, பதிவு எல்லாம் அப்படியே உள்ளன. ஒப்புதல் வரும்வரை டீலர் பொருளைக் கையில் தரமாட்டார். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் தனிநபர் வைத்திருக்கவே முடியாது. அங்கே வேட்டைக்குப் போவதானால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.