பூஞ்சைக்குச் சிற்றினப் பெயர் எப்படி முடிவாகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நுண்ணோக்கியில் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும் நோய்ப் பூஞ்சைகளை, மரபணுவை வைத்து இரண்டு சிற்றினங்களாகப் பிரிக்கிறார்கள். சிறு வேறுபாடு எந்த உயிரிலும் இருக்கத்தானே செய்யும்? எல்லைக்கோட்டை எங்கே போடுகிறார்கள்?

பதில்: எத்தனை வேறுபாடு என்று எண்ணுவது மட்டும் போதாது. அவை எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு சிற்றினத்துக்குள் கலப்பு நடக்கும்வரை மரபணுக்கள் சீட்டுக்கட்டைப் போலக் கலைந்துகொண்டே இருக்கும். ஐந்து மரபணுக்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மரபு மரம் வரைந்தால், ஒரு மரத்தில் உடன்பிறப்பாக நிற்கும் இரண்டு மாதிரிகள் அடுத்த மரத்தில் தூரத்து உறவாகிவிடும். மரங்கள் இப்படி முரண்படும்வரை நாம் சிற்றினத்துக்கு உள்ளேதான் இருக்கிறோம். எல்லா மரங்களும் ஒரே இடத்தில் இரண்டாகப் பிளந்தால், அந்தப் பிளவைத் தாண்டி வெகுகாலமாகக் கலப்பு நடக்கவில்லை என்று பொருள். எல்லைக்கோடு அங்கேதான். பூஞ்சைகளுக்கான இந்த முறையை ஜான் டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வகுத்து எழுதினர்.

பள்ளத்தாக்குக் காய்ச்சலைத் தரும் காக்சிடியாய்டஸ் இதற்கு நல்ல சான்று. அதன் பால் இனப்பெருக்க நிலையை யாரும் கண்டதில்லை. ஆனாலும் கலப்பு நடப்பதை மரபணுக்கள் காட்டிக்கொடுத்தன. கலிபோர்னியா மாதிரிகள் ஒரு பக்கமும், அரிசோனா, டெக்சஸ், மெக்சிகோ, தென் அமெரிக்க மாதிரிகள் மறுபக்கமும் பெரும்பாலும் பிரிந்து நின்றன. 2002-இல் இரண்டாவது தொகுதிக்கு காக்சிடியாய்டஸ் பொசாடாசி என்று பெயரிட்டார்கள். முதலாவது காக்சிடியாய்டஸ் இமைட்டிஸ் என்ற பழைய பெயரிலேயே தொடர்கிறது. சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் பூஞ்சையின் ஐடிஎஸ் பகுதியை (ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே உள்ள டிஎன்ஏ துண்டு) வரிசைப்படுத்தி, தரவுத்தளத்தில் 99 சதவீதம் பொருந்தினால் அந்தப் பெயரையே எழுதிவிடுகிறோம். சரியா?

பதில்: ஈஸ்ட்டுகள் பலவற்றுக்குச் சரிப்படும். இழைப்பூஞ்சைகளில் கவனமாக இருங்கள். ஐடிஎஸ் 2012 முதல் பூஞ்சைகளின் பொது அடையாளப் பகுதியாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் 550 டிஎன்ஏ எழுத்துள்ள வரிசையில் 99 சதவீதம் என்றால் ஐந்தாறு எழுத்துகள் மாறியிருக்கலாம். நெருங்கிய சிற்றினங்களுக்கு இடையே அவ்வளவு வேறுபாடுகூட இருக்காது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்றால் பீட்டா டியூபுலின் அல்லது கால்மோடுலின் மரபணுவையும், ஃபியூசேரியம் என்றால் நீட்சிக் காரணி 1 ஆல்ஃபாவையும், ஸ்போரோத்ரிக்ஸ் என்றால் கால்மோடுலினையும் சேர்த்துப் படியுங்கள்.

சதவீதத்தைப் பார்க்கும் முன் பொருந்திய நீளத்தைப் பாருங்கள். 200 எழுத்து மட்டும் பொருந்தி 99 சதவீதம் வந்தால் அதற்கு மதிப்பில்லை. பட்டியலின் முதல் வரியை அப்படியே நம்ப வேண்டாம். தவறான பெயரோடு சேர்க்கப்பட்ட வரிசைகள் தரவுத்தளத்தில் ஏராளம். அந்தச் சிற்றினத்தை விவரித்தபோது ஆதாரமாக வைத்த மூல மாதிரியின் வரிசையோடு ஒப்பிடுங்கள்.

பெரும்பாலான பிழைகள் இதற்கெல்லாம் முன்பே நடந்துவிடுகின்றன. தனி ஸ்போரிலிருந்து வளர்ந்த ஒற்றைக் காலனியில் தொடங்குங்கள். முதிர்ந்து கறுத்த காலனி வேண்டாம், அதிலுள்ள கறுப்பு நிறமியான மெலனின், டிஎன்ஏவைப் பலமடங்கு நகலெடுக்கும் பிசிஆரைத் தடுக்கும். இழைப்பூஞ்சையின் கைட்டின் சுவர் வெறும் கொதிநீருக்கு மசியாது; 0.5 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைக்க வேண்டும். 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல்களின் விகிதம் 1.8 அருகில் இருந்தால் டிஎன்ஏ தூய்மையானது. ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ சேர்க்காத ஒரு குழாயையும் பிசிஆரில் ஓட்டுங்கள். அதில் டிஎன்ஏ பட்டை தெரிந்தால் அன்றைய முடிவு முழுவதையும் கைவிட வேண்டும், ஏனென்றால் காற்றில் மிதக்கும் ஸ்போர் ஒன்றே போதும். வரிசையை இரு திசையிலும் படித்து, முனைகளில் தெளிவில்லாத எழுத்துகளை வெட்டிவிடுங்கள். நடுவில் இரட்டை உச்சிகள் (ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள்) வந்தால் கலப்பு வளர்ப்பாக இருக்கலாம்; அல்லது ஒரே பூஞ்சையின் ஐடிஎஸ் நகல்களே ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்கலாம். தனிக் காலனியிலிருந்து மறுபடி செய்தால் தெரிந்துவிடும்.

காக்சிடியாய்டஸ் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் வளர்ப்புத் தட்டைத் திறந்த மேசையில் திறக்கவே கூடாது. அதன் ஸ்போர்கள் மூச்சோடு எளிதில் உள்ளே போய்விடும்.

கேள்வி: இவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பதால் நோயாளிக்கு என்ன பயன்?

பதில்: சிலவற்றில் ஒன்றுமில்லை, சிலவற்றில் உயிர். 2005-இல் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்ட ஆஸ்பெர்ஜில்லஸ் லெண்டுலஸ் அதற்குமுன் ‘ஸ்போர் குறைவாகத் தரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ்’ என்றே கருதப்பட்டது. வோரிகோனசோல், ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகள் இரண்டுக்குமே அது எளிதில் பணிவதில்லை. எளிய சோதனை ஒன்று உண்டு: 48 டிகிரி செல்சியஸில் ஃபியூமிகேட்டஸ் வளரும், லெண்டுலஸ் வளராது. வளரவில்லை என்றால் உடனே பீட்டா டியூபுலினை வரிசைப்படுத்துங்கள். மருந்து உணர்திறன் சோதனையையும் தொடங்குங்கள்.

கேண்டிடா ஆரிஸ் இன்னும் கடுமை. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரித்தார்கள். உயிர்வேதிச் சோதனைக் கருவிகள் பல அதை கேண்டிடா ஹேமுலோனி என்று காட்டிக்கொண்டிருந்தன. பெயர் தவறினால் மருந்து தவறுவதோடு, மருத்துவமனையில் தனிமைப்படுத்தலும் தாமதமாகும். இது படுக்கை, கருவி எல்லாவற்றிலும் ஒட்டிக்கிடந்து பரவும் ஈஸ்ட்.

கேள்வி: மூளையுறைக் காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸில் எத்தனை சிற்றினம்? இரண்டா, ஏழா?

பதில்: 2015-இல் ஏழு என்று முன்மொழிந்தார்கள். 2017-இல் வேறு வல்லுநர்கள், இப்போதைக்கு நியோஃபார்மன்ஸ் தொகுப்பு, காட்டி தொகுப்பு என இரண்டாகவே வைப்போம் என்றார்கள். மருத்துவ அறிக்கைக்குத் தொகுப்பின் பெயரே போதும் என்பது எங்கள் கருத்து. மரபணு வகை தெரிந்தால் அடைப்புக்குறிக்குள் சேருங்கள். இரண்டு தொகுப்புகளையும் பிரிக்க மரபணு வரிசைகூட வேண்டாம். கேனவனின், கிளைசின், புரோமோதைமால் நீலம் சேர்த்த ஊடகத்தில் காட்டி வளர்ந்து அதை நீலமாக்கும். நியோஃபார்மன்ஸ் பொதுவாக நிறத்தை மாற்றாது.