141 நாடுகள் சொல்லியும் ஏன் நிற்கவில்லை?

அன்புள்ள ஐயா,

உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தன. பாதுகாப்பு சபையிலோ ஒரே நாடு கை தூக்கித் தீர்மானத்தை வீழ்த்தியது. அப்படியென்றால் இந்த வாக்கெடுப்புகளால் யாருக்கு என்ன பயன்?

த., கும்பகோணம்

அன்புள்ள த.,

உங்கள் கோபம் நியாயமானது. பொதுச்சபையின் தீர்மானம் பெரும்பாலும் பரிந்துரைதான். எல்லா நாடுகளும் ஏற்று நடந்தே ஆகவேண்டிய முடிவை எடுக்கும் அதிகாரம், சாசனத்தின் 25ஆம் பிரிவின்படி, 15 நாடுகள் கொண்ட பாதுகாப்பு சபையிடம் இருக்கிறது. அங்கே ஒன்பது வாக்குகள் வேண்டும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் என்ற ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. ஒற்றை எதிர்ப்பால் தீர்மானத்தை வீழ்த்தும் இந்த அதிகாரத்துக்குத்தான் வீட்டோ என்று பெயர்.

2022 பிப்ரவரி 25 வாக்கெடுப்பை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அந்த மாதம் சபையின் தலைமை ரஷ்யாவின் முறை. ஆதரிப்போர் கை உயர்த்தலாம் என்று அறிவித்தவர் ரஷ்யத் தூதர் வாசிலி நெபென்சியா. பதினொரு கைகள் உயர்ந்தன. அடுத்து எதிர்ப்போரின் முறை. உயர்ந்த ஒரே கை அவருடையது. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் வாக்களிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதி நாற்காலியில் அமர்ந்து வழக்கைத் தள்ளுபடி செய்தது போலத்தான் இது.

இதைத் தடுக்கச் சாசனத்திலேயே ஒரு வரி உண்டு. தகராறில் சம்பந்தப்பட்ட நாடு வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. ஆனால் சமாதான வழியில் தீர்வு காணும் தீர்மானங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். பொருளாதாரத் தடை, படை நடவடிக்கை என்று வந்தால் பொருந்தாது. பொருந்தும் இடங்களிலும் அதைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. வீட்டோவையே ஒழிக்கச் சாசனத்தைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்கும் அதே ஐவரின் சம்மதம் வேண்டும். இருக்கிற விதியை அமலாக்க யாருடைய சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டும்? உறுப்பு நாடுகள் ஒவ்வொரு முறையும் எழுந்து இதைக் கேட்க வேண்டும், இந்தியாவும்தான்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 27 அன்று, அதே சபையில் வேறொரு தீர்மானத்துக்கு அதே பதினொரு ஆதரவு, அதே ஒரு எதிர்ப்பு. இம்முறை தீர்மானம் நிறைவேறியது! பொதுச்சபையின் அவசரச் சிறப்புக் கூட்டத்தை அழைப்பது நடைமுறை சார்ந்த முடிவு, அதில் வீட்டோ செல்லாது. கொரியப் போர்க் காலத்தில், 1950இல், சோவியத் முட்டுக்கட்டையைத் தாண்டப் பொதுச்சபை வகுத்துக்கொண்ட வழி அது. நீங்கள் சொல்லும் 141 வாக்குகள் அந்தக் கூட்டத்தில்தான் விழுந்தன. போர் நிற்கவில்லை, உண்மை. ஆனால் அந்த ஏப்ரலிலேயே, எவர் வீட்டோவைப் பயன்படுத்தினாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்க வேண்டும் என்ற விதியும் பொதுச்சபையில் வாக்கெடுப்பு இல்லாமலே ஏற்கப்பட்டது. காசா தீர்மானங்களை அமெரிக்கா தடுத்தபோதும் இந்த விதிப்படியே பொதுச்சபை கூடியது.