அறுபது நிமிடக் கேசட்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். நான் பத்தாவது படிக்கும்போது, கூடப்பிறந்த காக்காவின் சிநேகிதர் ஒருவர் துபாயிலிருந்து லீவில் வந்தார். மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ கேசட் அவரிடம் இருந்தது. ஒரு நாள் இரவல் வாங்கி, ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பதிந்துகொண்டேன். நாலு வருடம் அதையே கேட்டேன். 2009இல் ஜாக்சன் இறந்தபோது, அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் ஒரு பாட்டுப் பாடினார். அவருக்காகப் புதிதாக எழுதிய இரங்கல் பாட்டு என்று நினைத்து அழுதேன். போன வாரம் என் மகன் போனில் காட்டுகிறான், அந்தப் பாட்டு ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்திலேயே இருக்கிறது! “பெரிய ஃபேன்னு சொன்னீங்களே வாப்பா” என்று சிரித்துவிட்டான். வெளிநாட்டு ரசிகர்கள் 1991, 92, 93ஐ அவர் திரும்பி வந்த பொற்காலம் என்று நாள் கிழமையோடு சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தேதியும் தெரியாது. நான் நினைத்து ஏங்குகிற காலம் நிஜமாகவே இருந்ததா, நானாகக் கட்டிக்கொண்டதா?

ஒரு வாசகர், கீழக்கரை

*

அன்புள்ள தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கேசட்டில் அந்தப் பாட்டு இருந்திருக்க வழியே இல்லை. இந்தக் கணக்கை மகனிடம் காட்டுங்கள்.

‘டேஞ்சரஸ்’ 14 பாட்டு, 77 நிமிடம். அவருடைய பழைய ஆல்பம் ‘த்ரில்லர்’ 42 நிமிடம்தான். அதைப் பதிந்துவிட்டு மிச்ச இடத்தில் மூன்று நான்கு இளையராஜா பாட்டும் போட்டுக்கொள்ளலாம். ‘டேஞ்சரஸ்’ ஆல்பமோ, சிடி புழக்கத்துக்கு வந்த பிறகு, சிடியின் நீளத்தை மனதில் வைத்துச் செய்தது. இசைத்தட்டாக வெளியிட இரண்டு தட்டு தேவைப்பட்டது. நம் ஊர்க் கடைகளில் கையில் கிடைப்பது 60 நிமிடக் கேசட். 90 வாங்கினால் டேப் மெல்லிசு, சிக்கிக்கொள்ளும் என்று கடைக்காரர்களே வேண்டாம் என்பார்கள். முதல் ஆறு பாட்டோடு ஏ பக்கம் தீர்ந்தது. ஏழாவதிலிருந்து பதினொன்றாவது வரை பி பக்கம். அந்தப் பதினொன்றாவது பாட்டு ‘வில் யூ பி தேர்’, ஏழரை நிமிடத்துக்கு மேல் ஓடும். கடைசியில் பாடுவதை விட்டுவிட்டு, உடைந்த குரலில் பேசுவார். பேசி முடிப்பதற்குள் டேப் தீர்ந்து பட்டன் ‘டக்’கென்று எம்பும். உங்களுடையதும் அங்கேதான் நின்றிருக்கும்.

அதற்குப் பிறகு மூன்று பாட்டு இருக்கிறது. ‘கீப் த ஃபெய்த்’. நீங்கள் 2009இல் கேட்ட ‘கான் டூ சூன்’. கடைசியாக ‘டேஞ்சரஸ்’. ஆமாம், கேசட் அட்டையில் பேனாவால் எழுதி வைத்திருந்தோமே, அந்தப் பெயருக்குரிய பாட்டே நம்மிடம் இல்லை. அரண்மனைப் பக்கத்திலும் பாம்பனிலும் தொண்டியிலும் எத்தனை பேர் பதினொரு பாட்டு ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

‘கான் டூ சூன்’ இரங்கல் பாட்டு என்று உங்களுக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. ரயன் வைட் என்ற அமெரிக்கச் சிறுவனுக்கு அதை ஜாக்சன் காணிக்கையாக்கினார். ரத்தம் உறையாத நோய் உள்ள பையன். சிகிச்சைக்காக ஏற்றிய ரத்தப் பொருள் வழியாக எச்ஐவி தொற்றி எய்ட்ஸ் வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். வழக்கு நடத்தித்தான் அவனால் உள்ளே போக முடிந்தது. 1990 ஏப்ரலில், 18 வயதில் போய்விட்டான். கிளிண்டன் பதவியேற்பதற்கு முந்தின இரவு, 1993 ஜனவரியில், ஜாக்சன் மேடையில் அவனைப் பற்றிப் பேசிவிட்டு இதைப் பாடினார். அஞ்சலிக் கூட்டத்தில் நீங்கள் கேட்டது அமெரிக்கப் பாடகர் அஷர் பாடியது. ஒரு பையனுக்காகப் பாடிய பாட்டை, பாடியவருக்கே திரும்பப் பாடினார்கள். நீங்கள் அழுதது சரியான பாட்டுக்குத்தான் தம்பி.

இனி ‘கம்பேக்’ விஷயம். வெளிநாட்டு ரசிகர்கள் சொல்லும் தேதிகள் எல்லாம் சரி. அதற்கு முந்தின ஆல்பம் ‘பேட்’ 1987. அதற்கான உலகச் சுற்றுப்பயணம் 1989 ஜனவரியில் முடிந்தது. பிறகு புது ஆல்பம் இல்லை. 1991 நவம்பர் 14 அன்று ‘பிளாக் ஆர் வைட்’ வீடியோ 27 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பானது, 26ஆம் தேதி ஆல்பம் வந்தது. பழைய ஆல்பங்களைத் தயாரித்த குயின்ஸி ஜோன்ஸை விட்டுவிட்டு டெடி ரைலி என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு, முழுக்க வேறு சத்தத்தோடு வந்தார். பழைய ஆல்பங்கள் அளவுக்கு இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. தாளத்தைப் பொறுத்தவரை அவர் செய்ததில் இதுதான் துணிச்சலானது.

ஆனால் நம் கரையில் அவர் திரும்பி வரவில்லை. முதல் தடவையாக வந்தார். அதற்கு முன் அவர் பெயர்தான் தெரியும், பிரேக் டான்ஸ் தெரியும். முழு ஆல்பம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வரும் சபுராளிகளின் பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் வந்து இறங்கியது இதுதான். 1993இல் பிரபுதேவா ‘சிக்கு புக்கு ரயிலே’ ஆடியபோது, அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்று நம் பையன்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

என்னுடைய கேசட்டைப் பற்றிச் சொல்கிறேன். பாம்பனில் எங்கள் வீட்டில் டபுள் டெக் கிடையாது. பதிவதற்குக் கடைக்குக் கொடுக்கப் பணமும் கிடையாது. இரவல் வாங்கிய டேப்ரிக்கார்டரையும் எங்கள் டூ-இன்-ஒன்னையும் பாயில் எதிரெதிரே வைத்து, ஒன்றில் பிளே, ஒன்றில் ரெக்கார்டு. கதவைச் சாத்திவிட்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு ‘ஜாம்’ கண்ணாடி நொறுங்கும் சத்தத்தோடுதான் தொடங்கும். அம்மா அலமாரிதான் விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார். கதவு திறந்த சத்தம், “என்னத்தடா உடைச்ச” எல்லாம் பதிந்துவிட்டது. பி பக்கத்தில் ‘ஹூ இஸ் இட்’ ஓடும்போது தெருவில் மீன் விற்கும் ஒரு அக்கா “சூடை, சூடை” என்று கூவிக்கொண்டு போகிறார். அது தேயும்போது ரயில். பாலத்தின் மேல் ஊர்ந்து வரும் மீட்டர்கேஜ் வண்டியின் சத்தம், தாளத்துக்கு அடியில் வேறொரு தாளமாக வெகுநேரம் கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது அந்தப் பாட்டைப் போனில் துல்லியமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் தெரிகிறது. அந்த இடம் வந்ததும் காது ரயிலைத் தேடுகிறது. மீட்டர்கேஜ் போய்விட்டது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி நின்றது. 2025 ஏப்ரலிலிருந்து வண்டி புதுப் பாலத்தில் போகிறது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான்.

இன்னொன்றும் உண்டு. ‘பிளாக் ஆர் வைட்’ வீடியோவை மண்டபத்தில் ஒரு வீட்டில், வாடகை டெக்கில் பார்த்தோம். 1990 ஜூனில் அக்கரையில், இலங்கையில், மறுபடி சண்டை தொடங்கி, படகு படகாகச் சனம் வந்து இறங்கி அகதி முகாம் நிரம்பியிருந்த காலம். முகாமிலிருந்து ஒரு பையனும் வந்திருந்தான், மன்னார்க்காரன். வாகனங்கள் ஓடும் சாலைக்கு நடுவில் ஒரு பெண் ஒடிசி ஆட, ஜாக்சன் கூடச் சேர்ந்து ஆடுவாரே, அந்த இடத்தில் “திருப்பி ஒருக்காப் போடுங்கோ அண்ணை” என்றான். மூன்று தடவை போட்டோம். மூன்று தடவையும் அவன் ஜாக்சனைப் பார்க்கவில்லை. பல வருடம் கழித்து அந்த நடனக்காரரின் பெயரைப் படித்தேன்: யமுனா சங்கரசிவம். படித்ததும் அக்கரைப் பெயர் என்று மனதில் பட்டது. அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தப் பையனிடம் சொல்லியிருப்பேன்.

பொற்காலம் என்று சொல்லும்போது, அந்தக் காலத்தில் இதுவும் இருந்தது. ரசிகர்கள் கணக்கை 1993 ஆகஸ்டோடு ஏன் நிறுத்துகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறுவனைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்ற குற்றச்சாட்டு அப்போதுதான் எழுந்தது. அந்த வழக்கு 1994 ஜனவரியில் பணம் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. வேறொரு வழக்கில் 2005இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் இறந்த பிறகும் வேறு இருவர் பேசினார்கள். நான் இதை மூடி வைத்துவிட்டு அவரைக் கேட்பதில்லை. உங்கள் மகன் கேட்டால் நீங்களும் மறைக்க வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு என் பதில், அந்தக் காலம் இருந்தது. 27 நாடுகளின் தேதியில் அது கிடைக்காது. உங்கள் 60 நிமிடத்தில் கிடைக்கும். அதனால் அந்தக் கேசட்டைத் தேடி எடுங்கள். நம் உப்புக்காற்றில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கும், அப்படியே ஓட்டிவிடாதீர்கள். உள்ளே அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால், வேறொரு பழைய கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். பென்சிலை விட்டு ஒரு சுற்று முன்னும் பின்னும் மெதுவாகச் சுற்றி, டேப் ஒட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்துக்கொண்டு என்னிடம் கொண்டு வாருங்கள். ஓடுகிற டேப்ரிக்கார்டர் ஒன்று இன்னும் வைத்திருக்கிறேன். மகனையும் கூட்டி வாருங்கள். பி பக்கத்தின் கடைசியில் அவர் பேச்சு எந்தச் சொல்லில் அறுபடுகிறது என்று உங்களுடையதையும் என்னுடையதையும் வைத்துப் பார்ப்போம். அதற்குப் பிறகு அந்த மூன்று பாட்டையும் அவன் போனில் போடட்டும்.

அன்புடன்,
அண்ணன், பாம்பன்