நைட் ஷிஃப்ட் வயிற்றுக்கு 14,000 ரூபாய் டெஸ்ட் வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் நிட்டிங் ஆபரேட்டர், வயது 29, சொந்த ஊர் காங்கேயம் பக்கம். நைட் ஷிஃப்டுக்கு மாறியதிலிருந்து வயிறு உப்புசம், ஒரு நாள் மலம் இறுகுகிறது, மறுநாள் இளகிப் போகிறது. கம்பெனியில் கேம்ப் போட்டவர்கள், குடல் பாக்டீரியா கெட்டுவிட்டது, 14,000 ரூபாய்க்கு மல டெஸ்ட் எடுத்து மூன்று மாதம் பவுடர் சாப்பிடச் சொல்கிறார்கள். செய்யலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் தம்பி.

குடலில் பல லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருப்பது உண்மை. என்ன சாப்பிடுகிறோம், எப்போது தூங்குகிறோம், யாரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம், என்ன மாத்திரை விழுங்குகிறோம் என்பதையெல்லாம் பொறுத்து அந்தக் கூட்டம் மாறுவதும் உண்மை. கேம்ப்காரர்கள் இந்த உண்மையைச் சொல்லித்தான் உள்ளே வருகிறார்கள், அடுத்த மூச்சில் பவுடர் டப்பாவைத் திறக்கிறார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பவனும் விற்பவனும் ஒரே தரகன் என்றால், காங்கேயத்துக்காரர் நீங்கள் வாங்குவீர்களா?

வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐத் தொட்டால் சுகர் என்று ஒரு கோடு இருக்கிறது. குடல் பாக்டீரியாவுக்கு அப்படி ஒரு கோட்டை இதுவரை யாரும் போடவில்லை. ஒரே மலத்தைப் பிரித்து இரண்டு லேபுக்கு அனுப்பினால் இரண்டு விதமாகப் பதில் வரும். சிவப்பு, பச்சைப் பட்டை போட்டு வழவழ தாளில் அச்சடித்த ரிப்போர்ட்டை ஆளாளுக்கு என் மேஜையில் வைக்கிறார்கள், அதை வைத்து நான் ஒரு மாத்திரைகூட மாற்றி எழுத முடியாது. பவுடர் கதையும் அதேதான். உங்களுக்கு இருப்பது மாதிரியான குடல் எரிச்சல் தொந்தரவுக்கு, ஆய்வில் சேர்ந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா என்று விற்கும் இந்த மாதிரிப் பவுடர், மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கம் 2020-லேயே சொல்லிவிட்டது.

சரி, வயிறு ஏன் இப்படி ஆகிறது? குடலுக்கும் ராத்திரி பகல் உண்டு. அது அடங்கியிருக்கும் இரவு 2 மணிக்கு நீங்கள் பரோட்டா போடுகிறீர்கள், அப்புறம் பேக்கரி டீ, பன், பஃப்ஸ். ஊரில் இருந்தவரை கம்பங்களி, தட்டைப்பயறு, கொள்ளு, கீரை என்று நார்ச்சத்து தானாக உள்ளே போனது. நாரை நம்மால் செரிக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாதான் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகிறது, பெருங்குடல் சுவருக்கு முக்கியமான தீனியே அதுதான். அதற்காக நாளைக்கே மூன்று வேளையும் கொள்ளு வைத்துவிடாதீர்கள், உப்புசம் இரட்டிப்பாகும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன்பே முடித்துவிட்டு, நடுராத்திரிக்கு மோர், ஒரு வாழைப்பழம் போதும். மோர் ஒத்துக்கொள்ளும், ஆனால் பால் டீ கூடக்கூட உப்புசம் கூடுகிறதா என்று கவனியுங்கள். மெஷினை விட்டு நகர முடியாது என்று மலத்தை அடக்கி வைக்கவும் கூடாது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, நடுவில் ஒன்றரை ஷிஃப்ட் என்று ஆட்டிவைக்கிற கம்பெனிக்கு என்னால் சீட்டு எழுத முடிந்தால் எப்போதோ எழுதியிருப்பேன்.

இன்னொன்று, மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரை. காய்ச்சல், சளி என்று போனால் அதில் ஒரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து மடித்துக் கொடுக்கிறார்கள். பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் தரக்கூடாது என்று 2014-லிருந்து தனி விதியே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள்? ஒவ்வொரு கோர்ஸுக்கும் குடல் பழையபடி திரும்ப வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். கேஸ் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினாலும் பாக்டீரியா மாறும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு டிபி மாத்திரையை யாரும் நிறுத்தக்கூடாது. திரும்பவும் சொல்கிறேன், டிபி மாத்திரையை நிறுத்தக்கூடாது. குடல் கெடுமே என்று பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபியாகத் திரும்பி வரும், வீட்டில் இருப்பவர்களுக்கும் அதுவே ஒட்டும். 6 மாதம் என்றால் 6 மாதம், வயிறு தொந்தரவு செய்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் பார்த்து எழுதிய மற்ற ஆன்டிபயாடிக்குக்கும் இதே பேச்சுதான்.

நான்கு வாரம் இப்படி இருந்து பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தைராய்டு, சுகர், ரத்த அணுக்கள் இவற்றை அங்கேயே பார்ப்பார்கள். க்யூ நீளமாகத்தான் இருக்கும், ஒரு நாள் சம்பளம் போகும். 14,000 போகாது.