படங்களை மட்டும் வெட்டி எடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற சின்ன ஊரில் நார்மன் ராக்வெல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். பத்திரிகை அட்டைக்குப் படம் போட்ட ஒருவருக்கு இவ்வளவு பெரிய இடமா, அவருடைய பழைய போட்டோ, கடிதத்தைக்கூடவா காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்று. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில், கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வ’னை என் மாமியார் வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தது இருக்கிறது. அதற்கு ஓவியர் மணியம் வரைந்த படங்களை மட்டும் வெட்டி ஃபிரேம் போட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்கிறான் மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மா,

தயவுசெய்து வெட்ட விடாதீர்கள். ஏன் என்பதற்கு நீங்கள் பார்த்துவிட்டு வந்த ராக்வெல்லையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

1954இல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழுக்கு அவர் வரைந்த அட்டை ஒன்று. கல்லூரிக்குக் கிளம்பும் பையனும் விவசாயியான அப்பாவும் பழைய லாரியின் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் முகத்தில் ஆவல். அப்பா வேறு பக்கம் பார்க்கிறார், கையில் இரண்டு பேருடைய தொப்பியும். நாய் பையனின் முழங்காலில் முகத்தை வைத்திருக்கிறது. இந்த ஓவியத்தை டான் டிராக்டே என்ற கார்ட்டூனிஸ்ட் 1960இல் 900 டாலருக்கு வாங்கினார். 2003இல் அது அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, பையனின் முகம் அச்சான அட்டையில் இருப்பதுபோல இல்லையே என்று சிலருக்கு உறுத்தியது. பழுதுபார்த்தவர்கள் கெடுத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். டிராக்டே காலமான பிறகு, 2006இல் அவருடைய மகன்கள் வீட்டில் ஒரு பொய்ச்சுவரைக் கண்டுபிடித்தார்கள். அசல் அதற்குப் பின்னால் இருந்தது! மாட்டியிருந்தது டிராக்டேயே வரைந்த நகல். அந்த வருடமே அசல் 1.54 கோடி டாலருக்கு ஏலம் போனது.

உறுத்தலைக் கிளப்பியது எது? அச்சான அட்டை. பத்திரிகை ஓவியர் சுவரில் மாட்டுவதற்காக வரைவதில்லை. அச்சான பக்கத்தில்தான் அவர் வேலை முழுமையடைகிறது. அதனால் அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். அது எப்படி உருவானது என்று காட்டும் காகிதங்களையும் காப்பாற்ற வேண்டும். ராக்வெல் ஆட்களை நிறுத்தி போட்டோ எடுக்க வைத்து, கரியில் பெரிதாக வரைந்து பார்த்து, பிறகுதான் எண்ணெய் வண்ணத்துக்குப் போவார். 1943இல் ஸ்டூடியோ தீப்பிடித்து, ஓவியங்களோடு அவர் சேர்த்து வைத்த உடைகளும் பொருட்களும் எரிந்துபோயின. பிறகு சேர்ந்ததுதான் நீங்கள் பார்த்த போட்டோவும் கடிதமும். படம் போடக் கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு முடிந்த ஓவியத்தைவிட அவைதான் அதிகம் சொல்லிக்கொடுக்கும். ஒருவருக்கு இவ்வளவு பெரிய இடமா என்றால், ஆம், வேண்டும்.

நமக்கு அப்படி ஓர் இடம் இல்லையே என்று எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. உங்கள் மாநிலத்தில் காயங்குளத்தில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் பத்திரிகை ஓவியர்கள் மணியத்துக்கு, சில்பிக்கு, கோபுலுவுக்கு, அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைத் தொங்கவிட்டு வரைந்த இன்னொரு சங்கருக்கு? மணியம் 1968இல், நாற்பத்து நான்கு வயதில் போய்விட்டார். அவர் வரைந்த கோடுகளை உலோக அச்சுக்கட்டையாக (ப்ளாக்) மாற்றி அச்சடித்த அந்தத் தாள்கள்தான் உங்கள் வீட்டில் இருப்பவை.

வெட்டினால் என்ன போகும்? படத்தின் பின்பக்கத்தில் கதை ஓடுகிறது, அது போகும். எந்த அத்தியாயம், எந்த வரிக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்தார்கள் என்பது போகும். கதையிலிருந்து பிரித்துவிட்டால் வந்தியத்தேவன் வெறும் குதிரைக்காரன்.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட காகிதங்களால் ஆனதுதான். அவற்றைச் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையா தொழிலால் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். படம் போடும் கைக்குத்தான் காகிதத்தின் அருமை தெரிந்திருக்கிறது. கொடுக்க மனம் வந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலேயே வைப்பதானால் பரணில் போடாதீர்கள். வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரியில் படுக்கவைத்து வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், பத்து வருடத்தில் அந்த இடமே பழுப்பாகிவிடும். மகனுக்குச் சுவரில் படம் வேண்டும், அவ்வளவுதானே? பக்கத்தை அழுத்தாமல் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.