கிளாமர்: ஸ்காட்லாந்தின் கண்கட்டு வித்தை

சினிமாப் பக்கங்களில் தினமும் கண்ணில் படுகிற ‘கிளாமர்’ உண்மையில் பழைய ஸ்காட்லாந்துச் சொல் என்று போன வாரம் போகிற போக்கில் சொல்லிவைத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கவிதா, திருச்சி: ஸ்காட்லாந்தில் அதற்கு என்ன பொருள் சார்?

கண்கட்டு வித்தை. நம் சொல்லே அப்படியே பொருந்துகிறது. எடின்பரோவில் விக் செய்து பிழைத்த ஆலன் ராம்சே என்ற கவிஞர், 1721இல் தன் கவிதைத் தொகுப்பின் கடைசியில் ஊர்ச்சொற்களுக்குப் பொருள் எழுதிச் சேர்த்தார். பேய்களோ சூனியக்காரர்களோ செப்படி வித்தைக்காரர்களோ பார்ப்பவரின் கண்ணை ஏமாற்றினால், அவர் கண்மேல் ‘கிளாமர் போட்டார்கள்’ என்பார்களாம். ‘போட்டார்கள்’ என்பதைக் கவனியுங்கள். பார்க்கப்படும் பொருளில் ஒரு மாற்றமும் இல்லை, கெடுவது பார்க்கிறவன் கண்தான்.

முருகேசன், மதுரை: கிராமர் என்ற இலக்கணச் சொல்லிலிருந்துதான் கிளாமர் வந்தது என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறதே. கட்டுக்கதைதானே?

வாட்ஸ்அப் அபூர்வமாகச் சரியாகச் சொன்ன விஷயம் இது!

கிரேக்கத்தில் ‘கிரம்மா’ என்றால் எழுத்து. எழுத்தைக் கற்கும் கலை ‘கிரமட்டிக்கே’. அது லத்தீன், பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் வந்து சேர்ந்தபோது, வேற்றுமை உருபும் வினைமுற்றும் மட்டும் அதற்குப் பொருளாக இருக்கவில்லை. இடைக்காலத்தில் இலக்கணம் என்றால் லத்தீன் இலக்கணம்தான், லத்தீன் தெரிந்தால்தான் படித்தவர். அந்தப் படிப்புக்குள் சோதிடமும் ரசவாதமும் கலந்தே கிடந்தன. எழுத்து வாசனையே இல்லாத குடியானவன் பக்கம் நின்று பாருங்கள். ஒருவன் தோல் ஏட்டைத் திறக்கிறான், புரியாத மொழியில் முணுமுணுக்கிறான், கிரகணம் வரும் நாளைச் சொல்கிறான். அது படிப்பா, மந்திரமா? நம்மூரில் செப்புத் தகட்டில் எழுத்தைக் கீறி, சுருட்டித் தாயத்தாகக் கட்டிக்கொள்கிறவருக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும்.

ஆகவே கிராமருக்கு ‘மறைவித்தை’ என்று இன்னொரு பொருள் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் அதே சொல் திரிந்து ‘கிரிமுவார்’ ஆனது, மந்திரவாதியின் கைப்புத்தகம் என்று பொருள். ஸ்காட்லாந்தில் திரிந்தது கிளாமர். ராபர்ட் பர்ன்ஸ் 1789இல் எழுதிய ஒரு வேடிக்கைக் கவிதையில், கிளாமர் வியாபாரம் செய்யும் நாடோடிக் கூட்டத்தையும், நரகத்தின் கரிய கிராமரைக் கரைத்துக் குடித்தவர்களையும் அடுத்தடுத்த வரிகளில் கூப்பிடுகிறார். இரண்டு சொல்லும் எதுகையாகவே வருகின்றன. அவருக்கு இந்த உறவு தெரிந்திருந்ததோ இல்லையோ, காது கண்டுபிடித்துவிட்டது.

இளங்கோ, தஞ்சாவூர்: ர எப்படி ல ஆகும்?

சாம்பல் சாம்பர் ஆகவில்லையா? பந்தல் பந்தர் ஆகவில்லையா? பள்ளிக்கூடத்தில் ‘போலி’ என்று படித்திருப்பீர்களே. அங்கே காரணம் கொஞ்சம் வேறு. ஒரே சொல்லில் இரண்டு ர வந்தால் நாக்கு ஒன்றை மாற்றிக்கொள்ளப் பார்க்கும். லத்தீனில் அந்நியனைக் குறித்த ‘பெரெக்ரினுஸ்’ ஆங்கிலத்தில் யாத்திரிகனைக் குறிக்கும் ‘பில்கிரிம்’ ஆனதும் இப்படித்தான். அதிலும் முதல் ரதான் ல ஆயிற்று.

பாத்திமா, நாகப்பட்டினம்: படித்த மனிதரையே மந்திரவாதி ஆக்கிய கதை நிஜமாக உண்டா?

மைக்கேல் ஸ்காட். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அறிஞர். ஸ்பெயினின் டொலேடோவில் அரபியிலிருந்து அரிஸ்டாட்டிலை லத்தீனுக்குக் கொண்டுவந்தவர், பிறகு இரண்டாம் பிரடெரிக் பேரரசரின் அவையில் சோதிடராக இருந்தவர். இன்றென்றால் விருது கொடுத்திருப்பார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே அவரைத் தன் கவிதையில் வரும் நரகத்தில், சூனியக்காரர்களோடு சேர்த்துத் தள்ளினார். ஸ்காட்லாந்து மக்களோ ஈல்டன் மலையை மூன்றாகப் பிளந்தது அவர் ஏவிய பேய் என்றார்கள். அவர் செய்ததெல்லாம் மொழிபெயர்ப்பும் சோதிடமும்தான்.

சுதாகர், கோவை: ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவதும் ‘ஸ்பெல்’, மந்திரமும் ‘ஸ்பெல்’. இதுவும் அதே கதையா?

பக்கத்து வீட்டுக் கதை. இரண்டுக்கும் வேர், ‘பேச்சு’ என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல். ஒன்று நேராக வந்தது, மற்றது பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தது.

யாழினி, சென்னை: கிளாமர் ஐஸ்லாந்துச் சொல் என்று ஒரு பழைய நூலில் படித்தேனே அக்கா... மன்னிக்கவும், சார்.

பரவாயில்லை. ஐஸ்லாந்தின் கிரெட்டிர் கதையில் ‘கிளாம்’ என்றொரு பேய் வரும். நிலா வெளிச்சத்தில் அதன் கண்ணைப் பார்த்த நாளிலிருந்து வீரன் கிரெட்டிருக்கு இருட்டென்றாலே நடுக்கம். இல்லாததைக் கண்டு மிரள்பவனை ‘கிளாம் கண் கொடுத்திருக்கிறான்’ என்பார்கள். அருமையான கதை, ஒலியும் பொருந்துகிறது, 19ஆம் நூற்றாண்டில் சிலர் நம்பவும் செய்தார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அகராதிக்காரர்கள் கிராமர் பக்கமே நிற்கிறார்கள், அதுதான் நியாயம்.

செல்வி, ஈரோடு: காதல் கதை எதிலாவது இந்தச் சொல் வருகிறதா?

வருகிறது, ஸ்காட்லாந்தின் பழைய நாட்டுப்பாட்டு ஒன்றில். நாடோடிக் கூட்டம் ஒன்று பிரபுவின் வாசலில் வந்து பாடுகிறது. பிரபுவின் மனைவி மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். அவள் அழகைக் கண்டதும் அவள்மேல் கிளாமர் போடுகிறார்கள், எல்லாவற்றையும் உதறிவிட்டு அவர்களோடு போய்விடுகிறாள். பிற்காலத்தில் அவளைக் காசிலிஸ் பிரபுவின் மனைவி என்று சொல்லிவிட்டார்கள். பாவம் அந்த அம்மாள்! 1642இல் அவர் இறந்தபோது கணவர் எழுதிய கடிதங்களில் அன்பும் துக்கமும்தான் இருக்கின்றன. இன்னொன்று: பாட்டில் அவள் அழகி, கிளாமர் போட்டது மற்றவர்கள். இன்று அழகியிடம்தான் கிளாமர் இருக்கிறது என்கிறோம். சொல் ஆள் மாறிவிட்டது.

ராஜேஷ், சேலம்: அதுதான் என் கேள்வியும். எப்போது மாறியது?

கொஞ்சம் கொஞ்சமாக. வால்டர் ஸ்காட் 1805இல் வெளியிட்ட நெடுங்கவிதை ஒன்றில், மேலே சொன்ன மைக்கேல் ஸ்காட்டின் மந்திரப் புத்தகம் வருகிறது. அதிலுள்ள கிளாமர் மந்திரத்தைப் போட்டால் நிலவறைச் சுவரின் ஒட்டடை அரண்மனைத் திரைச்சீலையாகத் தெரியும், கொட்டை ஓடு பொன் பூசிய படகாகும், மேய்ச்சல் நிலக் குடிசை மாளிகையாகும், கிழடு குமரியாகும். எல்லாம் மாயை என்று முடிக்கிறார். ஸ்காட்லாந்துக்கு வெளியே இந்தச் சொல்லைப் பரப்பியதில் பெரும்பங்கு அவருக்கே. 1840 வாக்கில் ‘மயக்கும் அழகு’ என்ற பொருள் எழுத்தில் வந்துவிட்டது. பிறகு ஹாலிவுட் எடுத்துக்கொண்டது. ‘கிளாமர் ஆஃப் ஹாலிவுட்’ என்ற பெயரிலேயே 1939இல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள்.

நம் சினிமாக்காரர்கள் இன்னும் ஒரு படி போய் உடையின் அளவைக் குறிக்க வைத்துக்கொண்டார்கள். ‘கிளாமர் காட்டுகிறார்’ என்கிறோம். ராம்சே கேட்டால் குழம்பிப்போவார். அவர் ஊரில் அது உள்ளதை மறைப்பது.

டேவிட், தூத்துக்குடி: கிளாமர் பிறந்த ஸ்காட்ஸ் என்பது ஆங்கிலத்தின் வட்டார வழக்கா, தனி மொழியா? அங்கே பேசும் கேலிக் வேறா?

கேலிக் முற்றிலும் வேறு, கெல்டிக் குடும்பம். ஸ்காட்ஸ் ஆங்கிலத்தின் உடன்பிறப்பு. 2011 கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசுவோம் என்று பதிந்தார்கள். வட்டார வழக்கு என்று நான் சொல்லமாட்டேன். கிளாஸ்கோ பக்கம் போனால் நீங்களும் சொல்லாதீர்கள்.

அனிதா, வேலூர்: அமெரிக்கர்கள் கலர், ஹானர் எல்லாவற்றிலும் யு எழுத்தை வெட்டுகிறார்கள். கிளாமரில் மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

கலரும் ஹானரும் லத்தீனிலேயே ‘ஓ-ஆர்’ என்று முடிந்தவை, வெட்ட ஒரு சாக்கு இருந்தது. கிளாமரின் மூலம் லத்தீன் வழியாக வந்தாலும் அப்படி ‘ஓ-ஆர்’ என்று முடிந்ததல்ல. யு இல்லாமல் எழுதும் அமெரிக்கர்களும் உண்டு, ஆனால் குறைவு. கிளாமரஸ் என்று நீட்டும்போது மட்டும் பிரிட்டனிலும் அந்த யு விழுந்துவிடும். தேர்வில் மதிப்பெண் போகும் இடம், பார்த்து எழுதுங்கள்.