அறுவைக்குப் பின் கருவிகளும் கழிவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஏற்காட்டில் சிறிய மருத்துவமனை நடத்துகிறோம். கருவிகளை அழுத்த நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தம் காட்டியும், வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் செத்தனவா என்று பார்க்கும் வித்துச் சோதனை தேறவில்லை. இயந்திரம் பழுதா?

பதில்: பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் உங்கள் ஊரின் உயரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2.5 பவுண்டு குறைவாக இருப்பதால், கடல்மட்டத்தில் 15 பவுண்டில் 121 டிகிரி செல்சியஸை எட்டும் நீராவி, ஏற்காட்டில் அதே 15 பவுண்டில் 118, 119 டிகிரியோடு நின்றுவிடுகிறது. ஆகவே அழுத்தமுள்ளை நம்பாமல் வெப்பமானியைப் பாருங்கள். 17, 18 பவுண்டு வரை ஏற்றுவதற்கு உங்கள் இயந்திரம் தகுதியுள்ளதா என்பதைத் தயாரிப்பாளரின் தொழில்நுட்பரே சொல்ல வேண்டும். பாதுகாப்பு வால்வை நீங்களாகத் திருகிவிடாதீர்கள். உள்ளே சிக்கிய காற்று முழுமையாக வெளியேறாவிட்டாலும் இதே தோல்வி நேரும். துணியில் சுற்றிய கருவிகளுக்கு, 121 டிகிரியை எட்டிய பிறகே 30 நிமிடங்களை எண்ணத் தொடங்குங்கள். சோதனை தேறாத சுற்றில் வெந்த கருவிப் பொதிகள் எதையும் பயன்படுத்தக் கூடாது. அவசரத்துக்குக் கொதிநீர் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதில் வித்துகள் சாவதில்லை.

கேள்வி: இரவெல்லாம் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்த கத்தரிகளில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறுகிறதே? (ஓமலூர்)

பதில்: பிளீச்சிங் கரைசலில் உள்ள குளோரின் எவர்சில்வரையும் அரிக்கும். இரத்தம் காயாதபடி கருவிகளை ஈரமாக வைத்திருந்து, மூட்டுகளை விரித்து, இரத்தக் கறையைக் கரைக்கும் என்சைம் கரைசலில் ஊறவிட்டு, நீருக்கடியிலேயே தேய்த்துக் கழுவுங்கள். அழுக்குப் படிந்த இடத்தை நீராவி தொடாது.

கேள்வி: வீட்டில் அம்மாவின் புண்கட்டை மாற்றுகிறோம். பழைய கட்டை எரித்துவிடலாமா? (அம்மாப்பேட்டை)

பதில்: வேண்டாம். தனி உறையில் கட்டி, வீட்டுக் குப்பையோடு கலக்காமல், சிகிச்சை தந்த மருத்துவமனையிலோ தூய்மைப் பணியாளரிடமோ விவரம் சொல்லி ஒப்படையுங்கள். ஊசி இருந்தால் மூடி திருகும் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் போடுங்கள்.

கேள்வி: மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைத் தூக்கும்போது என் கையில் ஊசி குத்திவிட்டது. (சேலம், மருத்துவமனைப் பணியாளர்)

பதில்: அம்மா, பிதுக்காமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிக்கு உரிய இடம் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டி. அதை யாரோ மஞ்சள் பையில் போட்டது உங்கள் தவறன்று. நிர்வாகத்திடம் எழுத்தில் பதிவு செய்யுங்கள்.